ஒரு குடாவும் மூன்று பெண்களும்: தொண்டர் தலைமைத்துவம் பற்றி

மூன்று வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஊர்க் களப்புக் கரையில் ஒரு சிரமதானம் நடந்தது. ஊர்ச் சங்கமொன்றின் செயலாளர் என்ற வகையில் அதை ஒழுங்கு செய்தவர்களில் நானும் ஒருவன். பாடசாலைப் பிள்ளைகள், இளைஞர் கழகத்துப் பொடியன்மார், சில வாப்பாமார் என்று நூறு பேருக்குக் கிட்ட வந்திருந்தார்கள். இரண்டு உழவு இயந்திரப் பெட்டி நிறையப் பொலித்தீனும் போத்தலும் கோழிக் கழிவும் அள்ளினோம். பகலுக்குச் சோறு கொடுத்தோம். படமும் எடுத்தோம். நோன்புப் பெருநாள் கழிந்து போய்ப் பார்த்தால் கரை பழையபடிதான் கிடந்தது.

அங்கே வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு நானா என்னைக் கண்டு சிரித்தார். "சேர், நீங்க அள்ளினது குப்பைய. குப்பை வாற வழிய ஒருத்தரும் கேக்கல்லயே" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சொன்னது சரி. நாங்கள் கையைக் கொடுத்தோம், தலையைக் கொடுக்கவில்லை.

தமிழில் "தொண்டர்" என்ற சொல்லுக்குள்ளேயே இந்தச் சிக்கல் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். தொண்டு என்றால் ஏவல் செய்தல், பணி செய்தல். நமது அரசியல் மேடைகளில் தலைவர் ஒரு பக்கம், தொண்டர் மறு பக்கம். "தொண்டர் தலைவர்" என்று சொன்னால் காதுக்கு முரணாகக் கேட்கிறது. ஆனால் சம்பளம் வாங்காமல் ஒரு நிறுவனத்துக்கு வழிகாட்டுகிறவர்கள், அதாவது எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்கிறவர்கள், உலகமெங்கும் இருக்கிறார்கள். நமது பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள்கூட அந்த வகையினர்தான். நீர்நிலையொன்றைக் காக்க அப்படியான ஆட்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தபோது கிடைத்தது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ குடாவின் கதை. ஊர் தூரம்தான், விசயம் தூரமில்லை.

கலிபோர்னியா மாநிலத்தின் கரையில் சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், பேர்க்லி, ரிச்மண்ட் முதலிய நகரங்கள் சுற்றியிருக்க, நடுவே கிடக்கிறது அந்தக் குடா. சக்ரமென்டோ, சான் வாக்கின் என்ற இரு பெரிய ஆறுகள் மாநிலத்தின் ஏறத்தாழ நாற்பது சதவீத நிலப்பரப்பின் நீரைக் கொண்டுவந்து அதில் சேர்க்கின்றன. பார்வைக்குப் பெரிய கடல் போல இருந்தாலும் பெரும்பகுதி ஆழமற்றது. பல இடங்களில் பன்னிரண்டு அடிக்கும் குறைவு. அதுதான் அதற்கு வந்த வினை. ஆழமில்லாத நீரைக் கண்டால் நகரங்களுக்கு அது நீராகத் தெரிவதில்லை, இன்னும் நிரப்பப்படாத காணியாகத்தான் தெரியும்.

1848 இல் தொடங்கிய தங்க வேட்டைக் காலத்திலிருந்தே குடாவை நிரப்பிக்கொண்டு வந்தார்கள். விமான நிலையம், துறைமுகம், உப்பளம், வீட்டுத் திட்டம், நகரத்துக் குப்பைமேடு எல்லாம் நீருக்குள் இறங்கின. 1960 ஆகும்போது குடாவின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மண் போட்டோ அணை கட்டியோ பிரிக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கணக்கான மைல் நீளமான கரையில் பொதுமக்கள் கால் வைக்கக்கூடிய இடம் ஐந்தாறு மைல்கூட இருக்கவில்லை. மற்றதெல்லாம் தனியார் வேலி, இராணுவ வேலி, குப்பை.

இராணுவப் பொறியியல் பிரிவு 1959 இல் ஒரு வரைபடம் தயாரித்தது. இப்படியே போனால் 2020 இல் குடா எப்படி இருக்கும் என்று அது காட்டியது. குடா இருந்த இடத்தில் ஓர் அகன்ற ஆறு மட்டும் ஓடியது. அது எச்சரிக்கையாக வரையப்பட்டதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தெந்த இடத்தை நிரப்பலாம் என்று வாய்ப்பைச் சொல்லுகிற படம் அது. ஓக்லண்ட் டிரிபியூன் பத்திரிகையில் அந்தப் படம் வெளிவந்தது.

பேர்க்லி மலைச் சரிவில் குடியிருந்த மூன்று பெண்கள் அதைப் பார்த்தார்கள். கேய் கெர், சில்வியா மெக்லோலின், எஸ்தர் குலிக். அவர்களுடைய நகரமே சுமார் 2,000 ஏக்கர் குடாவை நிரப்பி நகரத்தின் பரப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கத் திட்டம் வைத்திருந்தது. அளவு விளங்குவதற்காகச் சொல்கிறேன்: கொழும்புத் துறைமுக நகரத்துக்காகக் கடலில் உருவாக்கிய நிலம் 269 ஹெக்டெயர். பேர்க்லி என்ற அந்தச் சிறிய நகரம் நிரப்ப நினைத்தது அதைப் போல மூன்று மடங்கு.

1961 ஜனவரியில் குலிக்கின் வீட்டில் ஒரு கூட்டம் வைத்தார்கள். இயற்கைப் பாதுகாப்பில் பெயர் பெற்ற அமைப்புகளின் பெரியவர்களைத் தேநீருக்கு அழைத்தார்கள். சியரா கிளப்பின் டேவிட் பிரவர் வந்தார். செம்மரக் காடுகளைக் காக்கும் சங்கத்தின் நியூட்டன் டிரூரி வந்தார். இன்னும் சிலர் வந்தார்கள். விசயத்தைக் கேட்டு எல்லோரும் கவலைப்பட்டார்கள், யாராவது இதைச் செய்யத்தான் வேண்டும் என்றார்கள். ஆனால் ஒருவருக்குக் காடு, ஒருவருக்கு மரம், ஒருவருக்குப் பறவை. தங்கள் கை நிரம்பக் கிடக்கிறது, நீங்களே ஒரு சங்கம் தொடங்குங்கள் என்று வாழ்த்திவிட்டு எழும்பினார்கள்.

நமது ஊர்க் கூட்டங்களில் எத்தனை நல்ல காரியங்கள் இந்த இடத்தில் முடிந்து போயிருக்கின்றன! "செய்யத்தான் வேணும்" என்று எல்லோரும் சொல்வோம். அந்த மூன்று பேர் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. உங்கள் அங்கத்தவர்களின் முகவரிப் பட்டியலைத் தந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த முகவரிகளுக்குக் கடிதம் போனது. அங்கத்துவப் பணம் ஒரு டொலர். கடிதம் கிடைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பணத்தை அனுப்பிச் சேர்ந்துகொண்டார்கள். சான் பிரான்சிஸ்கோ குடாவைக் காக்கும் சங்கம் அப்படித்தான் பிறந்தது.

அந்த ஒரு டொலரைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தொகையில் ஒரு நகர சபையை எதிர்த்து நிற்க முடியாது. அவர்கள் சேர்த்தது காசல்ல, பெயர். நகர சபைக் கூட்டத்துக்குப் போகும்போது "நாங்கள் மூன்று பேர்" என்று சொல்வதும் "எங்கள் அங்கத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்" என்று சொல்வதும் ஒன்றல்லவே. கூட்டம் நடக்கும் மண்டபங்கள் நிரம்பின. ஓரிரு வருடங்களில் பேர்க்லி நகரம் தன் திட்டத்தைக் கைவிட்டது.

சிரமதானம் செய்த என்னை உறுத்துவது, அவர்கள் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதுதான். குடாவில் கழிவுநீர் கலந்தது, கரையில் குப்பை எரிந்தது, மீன் குறைந்தது, பறவை குறைந்தது. எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்திருக்கலாம். அவர்கள் முதலில் பிடித்துக்கொண்டது ஒரேயொரு விசயத்தை: நிரப்புவதை நிறுத்து. அழுக்கான நீரைப் பிறகு சுத்தமாக்கலாம், மண் போட்டு மூடிய நீர் திரும்பாது என்பது அதற்குள் இருந்த கணக்கு. குறுகிய நோக்கம் என்று யாரும் சொல்லியிருக்கலாம். தலைமை என்பது பாதி அந்தக் குறுக்கல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, படிப்பு. வீட்டுப் பாடம் செய்யாமல் அவர்கள் எங்கும் வாய் திறக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனமொன்றின் மூலம் மெல் ஸ்கொட் என்ற நகரத் திட்ட அறிஞர் குடாவின் எதிர்காலம் பற்றி எழுதிய நூல் 1963 இல் வந்தது. ஒரு நகரம் நிறுத்தினால் பக்கத்து நகரம் நிரப்பும், ஆகவே முழுக் குடாவுக்கும் ஒரே அதிகாரம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த நூல் பலம் சேர்த்தது. அந்த எண்ணத்தைச் சட்டமாக்கத் தெரிந்த ஓர் அரசியல்வாதியைத் தேடினார்கள். யூஜின் மெக்கட்டீர் என்ற செனட்டர் கிடைத்தார். பசுமைவாதி என்று அவரைச் சொல்ல முடியாது. காரியம் முடிக்கத் தெரிந்தவர். 1965 இல் மெக்கட்டீர்-பெட்ரிஸ் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் குடா பாதுகாப்பு மற்றும் அபிவிருத்தி ஆணைக்குழு தோன்றியது. நகரங்கள், மாவட்டங்கள், மாநில அரசு, மத்திய அரசு, பொதுமக்கள் எல்லாவற்றினதும் பிரதிநிதிகளாக 27 பேர். அவர்களது அனுமதியில்லாமல் குடாவுக்குள் ஒரு பெட்டி மண்கூடக் கொட்ட முடியாது. துறைமுகம் போல நீரோரத்தில்தான் இருக்க வேண்டிய தேவையா, தரையில் வேறு இடமே இல்லையா என்று கேட்ட பிறகுதான் அனுமதி. கரையிலிருந்து 100 அடி வரைக்கும் நிலத்திலும் அதிகாரம் உண்டு. கரையில் எதைக் கட்டினாலும் மக்கள் நீருக்குப் போக வழி விட வேண்டும்.

ஆனால் அந்த ஆணைக்குழுவுக்கு ஆயுள் நான்கு வருடம்தான் கொடுத்திருந்தார்கள். அதற்குள் குடாவுக்கு ஒரு திட்டம் தயாரித்துச் சட்டசபையிடம் ஒப்படைக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் எல்லாம் காலாவதி. இடையில் 1967 இல் மெக்கட்டீர் இறந்துபோனார். அதே வருடம் ஜனவரியில் இன்னொன்று நடந்தது. கேய் கெர்ரின் கணவர் கிளார்க் கெர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவர். மாணவர் போராட்டங்களை அவர் அடக்கவில்லை என்ற கோபத்தோடு ஆட்சிக்கு வந்த ஆளுநர் ரொனால்ட் ரீகனின் காலத்தில், பல்கலைக்கழக ஆளுகைச் சபை அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. கணவரை வெளியே தள்ளிய அரசாங்கத்திடம் மனைவி சட்டமொன்று கேட்டுப் போக வேண்டிய நிலை. அந்தச் சங்கத்தினர் கோபத்தையும் குடாவையும் கலக்கவில்லை. ஆயிரக்கணக்கான கடிதங்கள் தலைநகருக்குப் போயின. வானொலி அறிவிப்பாளர் ஒருவரும் தன் நேயர்களைக் கடிதம் எழுதச் சொன்னார். 1969 இல் ஆணைக்குழுவை நிரந்தரமாக்கும் சட்டமூலத்தில் கையொப்பமிட்டது அதே ரீகன்தான்.

எதிரில் நின்றவர்களும் சாதாரண ஆட்களல்ல. சான் புரூனோ மலையின் உச்சியை வெட்டி, அந்த மண்ணால் குடாவின் மேற்குக் கரையில் பல மைல்களை நிரப்பி நகரம் கட்டுவதற்கு டேவிட் ரொக்ஃபெல்லரும் சீமெந்துக் கம்பனி ஒன்றும் காணிக் கம்பனி ஒன்றும் கூட்டுச் சேர்ந்து திட்டம் வைத்திருந்தார்கள். அது நடக்கவில்லை. மலை இன்றும் நிற்கிறது.

நீதிமன்றத்திலும் ஒரு பெரிய விசயம் நடந்தது. குடாவின் அடித்தளம் 19 ஆம் நூற்றாண்டிலேயே துண்டு துண்டாகத் தனியாருக்கு விற்கப்பட்டிருந்தது. உறுதி இருக்கிறது, எங்கள் காணி, நிரப்புவோம் என்பது அவர்கள் வாதம். 1980 இல் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் பேர்க்லி நகரம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில், இன்னும் நிரப்பப்படாமல் நீர் ஏறி இறங்கும் நிலம் விற்கப்பட்டிருந்தாலும் மக்களுக்காக அரசு அதன் மீது வைத்திருக்கும் பொறுப்பு அழியாது என்று தீர்த்தது. இந்தச் சட்டக் கோட்பாட்டைத் தமிழில் "பொது நம்பிக்கைக் கோட்பாடு" என்று எழுதுகிறார்கள். வாசிக்கிற யாருக்கும் அது விளங்கப்போவதில்லை. நம்மிடம் "அமானிதம்" என்ற சொல் இருக்கிறது. நீர் உங்களிடம் விற்கப்பட்டிருக்கலாம், அமானிதம் விற்கப்படவில்லை என்றால் எங்கள் ஊர் மீனவருக்கும் ஒரு நொடியில் விளங்கும்.

இனி இந்தத் தொண்டர் தலைமை நாளாந்தம் எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். தொடக்கத்தில் எல்லாமே அந்தப் பெண்கள்தான். கடித உறையில் முகவரி எழுதியதும் அவர்களே, செனட்டரிடம் பேசியதும் அவர்களே. சங்கம் வளர்ந்து சம்பளத்துக்கு ஆட்கள் வந்த பிறகு வேலை இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்காவில் இலாப நோக்கற்ற நிறுவனங்களின் அமைப்பு பொதுவாக இப்படித்தான்: மேலே சம்பளமில்லாத பணிப்பாளர் சபை, அதன் கீழே சம்பளம் பெறும் நிறைவேற்றுப் பணிப்பாளரும் உத்தியோகத்தர்களும். சபை நிறைவேற்றுப் பணிப்பாளரை நியமிக்கும், வருடா வருடம் அவரை மதிப்பிடும், வரவு செலவுத் திட்டத்தை அங்கீகரிக்கும், பணம் திரட்ட உதவும், திசையைத் தீர்மானிக்கும். எந்தச் சதுப்பில் எத்தனை கன்று நடுவது, எந்த வாகனத்துக்கு எத்தனை லீற்றர் எண்ணெய் அடிப்பது என்பதில் தலையிடாது.

சட்டம் அந்தச் சபையினரிடம் மூன்று கடமைகளை எதிர்பார்க்கிறது. கவனத்தோடு முடிவெடுக்க வேண்டும். தன் சொந்த நலனை நிறுவனத்தின் நலனுக்கு மேலே வைக்கக் கூடாது. நிறுவனம் எந்த நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டதோ அதை விட்டு விலகக் கூடாது. சம்பளம் வாங்காதவர் என்பதால் இந்தக் கடமைகளிலிருந்து யாரும் தப்ப முடியாது. வருடாந்த நிதி அறிக்கையை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். மேல்மட்ட உத்தியோகத்தரின் சம்பளம் உட்பட அதில் இருக்கும். ஜும்ஆவுக்குப் பிறகு மாதக் கணக்கு வாசிக்கிற பள்ளிகளை எனக்குத் தெரியும். ஐந்து வருடமாகக் கணக்குப் புத்தகத்தையே யாரும் காணாத சங்கங்களையும் எனக்குத் தெரியும். "சும்மா செய்கிற வேலைக்குக் கணக்கு வேறயா?" என்று கேட்பவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள்.

இந்தக் கதையைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது பாதிக் கதை. கேய் கெர் பல்கலைக்கழகத் தலைவரின் மனைவி. சில்வியா மெக்லோலினின் கணவர் பெரிய சுரங்கக் கம்பனியொன்றின் தலைவர், பல்கலைக்கழக ஆளுகைச் சபையிலும் இருந்தவர். எஸ்தர் குலிக்கின் கணவர் பொருளியல் பேராசிரியர். அவர்கள் தொலைபேசி எடுத்தால் மறுமுனையில் பதில் வரும். மலைச் சரிவிலிருந்து குடாவைப் பார்க்கிற வீடு அவர்களுக்கு இருந்தது. கீழே ரிச்மண்டில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்திலும், சான் பிரான்சிஸ்கோவின் ஹன்டர்ஸ் பொயின்ட் கப்பற்கட்டும் தளத்துக்குப் பக்கத்திலும் குடியிருந்த கறுப்பின மக்களுக்குக் குடா என்பது அழகிய காட்சியல்ல, நச்சு. நிரப்புவதைத் தடுத்த சட்டம் அந்த நச்சைத் தொடவில்லை. அதற்கு அந்த மக்களே வேறு போராட்டங்களை நடத்த வேண்டி வந்தது. முன்னே நான் மெச்சிய குறுகிய நோக்கத்துக்கு இப்படியும் ஒரு விலை இருந்தது. யார் மேசையைச் சுற்றி இருக்கிறார்களோ அவர்களுக்குத் தெரிகிற ஆபத்துத்தான் முதலாவது ஆபத்தாக எழுதப்படுகிறது.

அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும். தொலைபேசி எடுத்தால் பதில் வருகிற மனிதர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் அதைத் தங்கள் பிள்ளைக்குப் பாடசாலை எடுக்கவும் மருமகனுக்கு இடமாற்றம் எடுக்கவுமே பாவிக்கிறார்கள். இன்னொன்று, நமது சங்கங்களில் மகளிர் பிரிவு என்றால் பெரும்பாலும் சிற்றுண்டி ஏற்பாடுதான். 1961 இல் அமெரிக்காவிலும் ஏறத்தாழ அப்படித்தான் நினைத்திருப்பார்கள். தேநீர் பரிமாறிய பெண்களே சங்கத்தையும் நடத்தினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மூவரும் அதிலேயே முதுமை அடைந்தார்கள். குலிக் 1995 இல் காலமானார். கெர் 2010 இல், மெக்லோலின் 2016 இல், இருவரும் தொண்ணூற்றொன்பது வயதில். தொண்ணூறு வயதில், பல்கலைக்கழக விளையாட்டரங்குக்காக வெட்டவிருந்த மரங்களைக் காப்பாற்றப் போய் மெக்லோலின் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். அந்த மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் குப்பையும் வேலியுமாகக் கிடந்த கிழக்குக் கரையில் பல மைல்களுக்கு இன்று அவர் பெயரில் ஒரு மாநிலப் பூங்கா இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு மூவரையும் உட்காரவைத்து விரிவாகப் பேட்டி கண்டு பதிவுசெய்து வைத்திருக்கிறது. நம் ஊர்களில் பாடசாலையும் பள்ளியும் வாசிகசாலையும் கட்டியெழுப்பிய பெரியவர்களிடம் யார் போய் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தோம்? இந்தச் சஞ்சிகையின் வாசகர்களாவது அதை யோசிக்க வேண்டும்.

நிரப்புதல் நின்றதும் சங்கத்தின் வேலை முடிந்திருக்கலாம். பணிப்பாளர் சபைகளுக்கு மிகக் கடினமான கட்டம் அதுதான் என்று நினைக்கிறேன், வென்ற பிறகு என்ன செய்வது? அவர்கள் சதுப்பு நிலத்தை மீட்பதை நோக்கித் திரும்பினார்கள். குடாவைச் சுற்றி ஒரு காலத்தில் இருந்த சுமார் 2 இலட்சம் ஏக்கர் சதுப்பில் ஐந்திலொரு பங்குதான் மிஞ்சியிருந்தது. குறைந்தது 1 இலட்சம் ஏக்கராக அதை உயர்த்த வேண்டும் என்று 1999 இல் விஞ்ஞானிகள் குறி வைத்தார்கள். 2003 இல் தெற்குக் குடாவின் பழைய உப்பளங்கள் பெரும் பரப்பில் அரசால் வாங்கப்பட்டன. 2016 ஜூனில் குடாவைச் சுற்றியுள்ள ஒன்பது மாவட்டங்களின் மக்கள், காணித் துண்டொன்றுக்கு வருடத்துக்கு 12 டொலர் வீதம் இருபது வருடங்களுக்குத் தாங்களே வரி கட்டச் சம்மதித்து வாக்களித்தார்கள். மொத்தம் 50 கோடி டொலர். மூன்றிலிரண்டு பங்கு வாக்கு வேண்டும், எழுபது சதவீதமளவில் கிடைத்தது. 1961 இல் ஒரு டொலர் கேட்டவர்கள் 2016 இல் பன்னிரண்டு கேட்டார்கள், அதுவும் வருடா வருடம். ஐம்பத்தைந்து வருடமாகச் சேர்த்த பெயர்கள் அங்கே வேலை செய்தன.

இப்போது கடல் மட்டம் உயர்கிறது. சதுப்பு நிலம் தானும் உயராவிட்டால் மூழ்கிப்போகும். உயர வேண்டுமென்றால் வண்டல் வேண்டும். ஆறுகளில் அணை கட்டிய பிறகு வண்டல் வருவது குறைந்துவிட்டது. ஆகவே 2019 இல் அந்த ஆணைக்குழு தன் விதியைத் திருத்தி, உயிரினங்களின் வாழிடத்தை மீட்பதற்காக என்றால் முன்னரை விடக் கூடுதலாக மண் போடலாம் என்று இடம் கொடுத்தது. மண் போடாதே என்று சொல்லிப் பிறந்த சங்கத்தின் இன்றைய தலைமை, எந்த மண்ணை, எங்கே, எவ்வளவு போடலாம் என்று இருந்து கதைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டம் வாற மாதம். நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக நான் எழுதியிருப்பது சிரமதானத் திகதியல்ல. களப்புக்குள் விழுகிற வடிகான்கள் எத்தனை, அவை யார் பொறுப்பில் இருக்கின்றன என்பது. அந்த வலை பொத்தின நானாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.